யோசனைப் பெட்டியில் 9 சீட்டு: ஆட்கள் திருப்தியாக இருந்தும் ஏன் வாய் திறப்பதில்லை?

கோவை_வைண்டிங் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. கோவையில் நீர்மூழ்கி பம்ப் மோட்டார் செய்யும் ஒரு நடுத்தரக் கம்பெனியில் உற்பத்திப் பொறுப்பில் இருக்கிறேன். வைண்டிங், மெஷின் ஷாப், அசெம்பிளி, டெஸ்டிங் எல்லாம் சேர்த்து 140 பேர். இரண்டு வருடம் முன்பு டைம் ஆபீஸ் பக்கத்தில் ஒரு யோசனைப் பெட்டி வைத்தோம். போன வாரம் முதலாளி அதைத் திறக்கச் சொன்னார். உள்ளே 9 சீட்டு. அதில் 6 சீட்டு கழிவறைத் தாழ்ப்பாள், கேன்டீன் டீ, அசெம்பிளியில் ஓடாத ஃபேன் பற்றியவை. இரண்டில் கையெழுத்து புரியவில்லை. மீதி ஒன்றில், பெட்டியை எப்போது திறப்பீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

முதலாளிக்கு வருத்தம். "இவங்களுக்கு நாம என்ன குறை வெச்சோம்?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சம்பளம் 7-ம் தேதியைத் தாண்டியதில்லை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. ஒழுங்காகக் கட்டுகிறோம். தீபாவளி போனஸுக்குத் தகராறு வந்ததே இல்லை. பாதிக்கு மேல் பத்து வருடம் தாண்டியவர்கள். வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டால் பிடித்திருக்கிறது என்கிறார்கள், அது பொய் இல்லை. ஆனால் வேலையை எப்படி மாற்றிச் செய்யலாம் என்று கேட்டால் ஒரு வார்த்தை வராது. "நீங்க சொல்றபடி செஞ்சிடறோம் சார்." அதோடு முடிந்தது.

ஆள் திருப்தியாக இருந்தால் யோசனை தானாக வரும் என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். அது தப்பா? உங்கள் இடத்தில் எப்படி?

ஓசூர்_ஷிஃப்ட்

எங்கள் இடத்தில் நிலைமை நேர் எதிர். வாகன உதிரிபாகம் செய்யும் ஆலை. ஆளுக்கு மாதம் 2 கைசன், அதாவது சின்னச் சின்ன மேம்பாட்டு யோசனை, எழுதிக் கொடுப்பது கட்டாயம். கொடுக்காவிட்டால் மதிப்பீட்டில் மார்க் குறையும். அதனால் மாதக் கடைசி ராத்திரி எல்லாரும் உட்கார்ந்து எழுதுவோம். தரையில் மஞ்சள் கோடு போட்டது ஒரு கைசன், அதே கோட்டை ஆறு மாதம் கழித்து வேறு பெயரில் எழுதியது இன்னொரு கைசன். எண்ணிக்கை பார்த்தால் பிரமாதமாக இருக்கும். அதை எழுதும்போது மனசு கூசும், அதுதான் உண்மை.

இது நமக்கு வந்தது டொயோட்டாவிலிருந்து. 1950-ல் அந்தக் கம்பெனிக் குடும்பத்தைச் சேர்ந்த எய்ஜி டொயோடா அமெரிக்காவில் ஃபோர்டின் ரூஜ் ஆலையைப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்த பிறகு 1951-ல் டொயோட்டாவில் யோசனைத் திட்டம் தொடங்கியது. நம் ஊரில் எல்லாரும் அந்தப் படிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். அங்கே லைனில் ஒரு கயிறு தொங்கும், ஆண்டான் என்பார்கள். எதாவது சரியில்லை என்று தோன்றினால் எந்தத் தொழிலாளியும் இழுக்கலாம். இழுத்த உடனே லைன் நிற்காது. டீம் லீடர் ஓடி வருவார், வண்டி அடுத்த குறியைத் தொடுவதற்குள் சரிசெய்ய முடிந்தால் லைன் ஓடிக்கொண்டே இருக்கும், முடியாவிட்டால் நிற்கும். அந்தச் சில நொடிகளில் ஒரு மேலாள் என்னை நோக்கி ஓடி வருகிறார், என்ன உதவி வேண்டும் என்று கேட்கிறார். எங்கள் ஆலையிலும் கயிறு இருக்கிறது. இழுத்தால் "யார்யா இழுத்தது?" என்ற சத்தம்தான் முதலில் வரும். ஆறு வருடத்தில் நான் இரண்டு முறைதான் இழுத்திருக்கிறேன்.

கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் நடந்ததைப் படித்தபோதுதான் எனக்குத் தெளிவு வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் அந்த ஆலையை 1982-ல் மூடியது. ஆள் வருகை மோசம், சண்டை, குடி என்று பெயர் எடுத்த ஆலை. 1984-ல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து நும்மி என்ற பெயரில் அதையே திறந்தார்கள். பெரும்பாலும் அதே தொழிலாளர்கள், அதே சங்கம். ஒரு பகுதியினரை ஜப்பானுக்கு அனுப்பிப் பழக்கினார்கள். சீக்கிரமே அமெரிக்காவிலேயே தரமான கார் வரும் ஆலைகளில் ஒன்றாக அது மாறியது, சொல்லாமல் விடுப்பு எடுப்பதும் வெகுவாகக் குறைந்தது. ஆட்களை மாற்றவில்லை. அவர்களை நடத்திய விதம் மாறியது.

உங்கள் 140 பேரிடம் குறை தேடாதீர்கள் சார்.

திருச்சி_பாடவேளை

கல்லூரியில் மேலாண்மை சொல்லிக்கொடுக்கிறேன். கோவை நண்பரின் கேள்வி பழைய கேள்விதான், நல்ல கேள்வியும்கூட.

உளவியலாளர் ஃப்ரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-ல் வெளியிட்ட ஆய்வில் பிட்ஸ்பர்க் வட்டாரத்தைச் சேர்ந்த சுமார் 200 பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் பேசினார். வேலையில் எப்போது ரொம்ப நன்றாக உணர்ந்தீர்கள், எப்போது ரொம்ப மோசமாக உணர்ந்தீர்கள் என்று கேட்டார். சம்பளம், மேற்பார்வை, கம்பெனி விதி, வேலையிடத்து வசதி இவையெல்லாம் மோசமான நாட்களின் கதைகளில் அதிகம் வந்தன. நல்ல நாட்களின் கதைகளில் வந்தவை வேறு: எதையோ செய்து முடித்தது, அதை ஒருவர் கவனித்தது, பொறுப்பு கிடைத்தது. அவர் ஆராய்ந்த முறை மீது விமர்சனம் உண்டு, நல்லதற்கு நான் காரணம், கெட்டதற்குக் கம்பெனி காரணம் என்று சொல்வது மனித இயல்பு என்பார்கள். ஆனாலும் உங்கள் கம்பெனிக்கு அது பொருந்துகிறது. குறை இல்லாமல் வைத்திருக்கிறீர்கள். அதனால் யாரும் வேலையை விட்டுப் போகவில்லை. வாய் திறப்பதற்கு வேறு ஒன்று வேண்டும்.

அது என்ன என்பதற்கு இன்னும் பழைய ஒரு சோதனை. 1930-களின் கடைசியில் அமெரிக்காவின் அயோவாவில் உளவியலாளர் குர்ட் லெவினும் அவர் மாணவர்களும் பத்து வயதுப் பையன்களைக் குழுக்களாக்கி முகமூடி போன்றவற்றைச் செய்யவிட்டார்கள். சில குழுக்களில் தலைவர் அதட்டி ஆணையிடுவார். சிலவற்றில் பேசி முடிவெடுப்பார். இன்னும் சிலவற்றில் கண்டுகொள்ள மாட்டார். அதட்டிய குழுவில் அவர் இருக்கும்வரை வேலை நடந்தது, அறையை விட்டு வெளியே போனதும் சரிந்தது. பேசி முடிவெடுத்த குழுவில் அவர் போன பிறகும் தொடர்ந்தது. சூழல் என்ற சொல்லை ஒரு குழுவுக்கு வைத்து அளந்த முதல் முயற்சிகளில் இது ஒன்று. நீங்கள் ஷெட்டில் இல்லாத ஒரு மணி நேரம் எப்படிப் போகிறது என்று கவனித்துப் பாருங்கள்.

குறிச்சி_ஃபவுண்டரி

மன்னிக்கணும், நான் இதில் ஒத்துப்போக மாட்டேன். சின்ன ஃபவுண்டரி வைத்திருக்கிறேன், 22 பேர். மாதக் கடைசியில் மின் கட்டணம், ஜி.எஸ்.டி., வங்கித் தவணை மூன்றும் ஒன்றாக வந்து நிற்கும். டொயோட்டா கதை கேட்க நன்றாக இருக்கிறது.

போன வருடம் ஒரு பையன், நல்ல பையன்தான், கோர் (வார்ப்புக்குள் வைக்கும் மணல் அச்சு) சீக்கிரம் காயட்டும் என்று யாரையும் கேட்காமல், மணலை ஒட்டவைக்கும் பைண்டர் அளவை மாற்றிவிட்டான். ஒரு நாள் வார்த்தது முழுக்கக் காற்றுக்குமிழ். எல்லாம் திரும்ப உருக்க வேண்டியதாகிவிட்டது. மெட்டீரியல் போனால் போகட்டும், கரண்ட் போனது யார் தருவார்? அன்றைக்குத் திட்டினேன். திட்டாமல் இருந்தால் மற்ற 21 பேரும் ஆளுக்கொரு பரிசோதனை செய்ய மாட்டார்களா? உருகின இரும்பு பக்கத்தில் கட்டுப்பாடு இல்லாமல் எப்படி?

இரவு_டியூட்டி

ஃபவுண்டரி அண்ணா, உங்கள் கோபம் புரிகிறது. என் அனுபவத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக வரும்.

செவிலியராக 14 வருடம். முதலில் இருந்த மருத்துவமனையில் ஒரு ராத்திரி. பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலும் டிஸ்டில்டு வாட்டர் ஆம்பியூலும் ஒரே தட்டில், ஒரே அளவு, லேபிள் நிறமும் கிட்டத்தட்ட ஒன்று. பொட்டாசியத்தைக் கரைக்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். சிரிஞ்சில் எடுத்துவிட்டேன். கை ஏனோ நின்றது, திரும்ப லேபிளைப் படித்தேன். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. யாருக்கும் தெரியாது. ஆனால் அடுத்த ஆள் படிக்காமல் விட்டால்? காலையில் மேட்ரனிடம் நானே போய்ச் சொன்னேன். அன்று மாலையே மெமோ. கவனக்குறைவு என்று கைப்பட எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். மூன்று மாதம் டே ஷிஃப்ட் தரவில்லை. தட்டு மட்டும் மாறவே இல்லை. அதற்குப் பிறகு அந்த வார்டில் நான் இருந்தவரை ஒருவர்கூட எதையும் போய்ச் சொல்லவில்லை. ரெஜிஸ்டரைப் பார்த்தால் தவறே நடக்காத வார்டு.

அடுத்து சேர்ந்த இடத்தில் முதல் வாரமே இந்தக் கதையைச் சொன்னேன், கொஞ்சம் பயத்தோடுதான். அங்கே இருந்த சிஸ்டர் இன்சார்ஜ் கேட்ட முதல் கேள்வி: "நம்ம டிரே எப்படி இருக்கு, வா பாக்கலாம்." போய்ப் பார்த்தால் அங்கேயும் அதே மாதிரி. நாங்கள் என்ன செய்யலாம் என்று நின்று பேசிக்கொண்டிருந்தோம். வார்டு துடைத்துக்கொண்டிருந்த ஆயா அம்மா, "அதை ஏன் இங்க வெக்கிறீங்க, பூட்டுற அலமாரில தனியா வெச்சு செவப்பு டப்பால போடுங்களேன்" என்றார். அன்றைக்கே அப்படியே செய்தோம். அந்த ஆயா அம்மாவுக்கு அந்த மருந்தின் பெயர்கூடத் தெரியாது. ஆனால் சொல்லலாம் என்று தெரிந்திருந்தது.

பையன் கேட்காமல் மாற்றினான் என்கிறீர்கள். கேட்டிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

திருச்சி_பாடவேளை

இரவு_டியூட்டி சொன்னது ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் அமெரிக்க மருத்துவமனைகளில் பார்த்ததேதான். நல்ல குழுக்களில் மருந்துத் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். கணக்கில் அதிகமாக இருந்தது. பிறகுதான் புரிந்தது, அந்தக் குழுக்களில் தவறை வெளியே சொல்ல முடிந்தது, மற்றவற்றில் மறைத்தார்கள். 1999-ல் ஒரு உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து, கேட்டால் அவமானப்பட மாட்டேன் என்ற நம்பிக்கை உள்ள குழுதான் கற்றுக்கொள்கிறது என்று எழுதினார். கவனியுங்கள், அவர் பேசியது சொகுசைப் பற்றி இல்லை. அப்படிப்பட்ட குழுவில் தரத்தைக் கறாராகக் கேட்கவும் முடியும்.

ஓவர்லாக்_அக்கா

திருப்பூரில் இருக்கிறேன். எல்லாரும் பயம், மரியாதை என்று பேசுகிறீர்கள். நான் காசைப் பற்றிப் பேசுகிறேன்.

எங்களுக்கு பீஸ் ரேட், தைத்த எண்ணிக்கைக்குத்தான் கூலி. நான் தோள்பட்டை ஜாயின்ட் அடிக்கும்போது பண்டலைப் பிரிக்காமல் அப்படியே மடியில் வைத்து அடிப்பேன். துணியை எடுக்கிற நேரம் மிச்சம். மணிக்கு எத்தனையோ பீஸ் கூடுதலாக வரும். இதை லைன் முழுக்கச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஆசைதான், பக்கத்து மெஷின் பிள்ளை சாயங்காலம் முதுகு வலியோடு போகிறாள். ஆனால் முன்னே ஒரு கம்பெனியில் ஒருத்தி சொன்னாள். எல்லாரும் வேகமாக அடித்தார்கள். அடுத்த ஆர்டரில் அந்த ஆபரேஷனுக்கு ரேட்டைக் குறைத்துவிட்டார்கள். அவளோடு யாரும் பேசவே இல்லை, பாவம், இரண்டு மாதத்தில் நின்றுவிட்டாள்.

நான் வேலையை வெறுக்கிறவள் இல்லை. மெஷின் முன்னால் உட்கார்ந்தால் மனசு லேசாகும். யோசனை நிறைய இருக்கிறது. கொடுத்தால் என் கூலி போகும்.

திருச்சி_பாடவேளை

அக்கா, நீங்கள் சொன்னதைத்தான் என் வகுப்பில் முதலில் சொல்ல வேண்டும். சிகாகோ பக்கத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கின் ஹாதார்ன் ஆலை. அங்கே ரிலே என்ற தொலைபேசிப் பாகத்தைப் பூட்டும் பெண்களை வைத்து நடந்த சோதனையை எல்லாப் பாடநூலும் சொல்லும். 1931 கடைசியிலிருந்து 1932 நடுவரை இன்னொரு அறையில் 14 ஆண்களைக் கவனித்தார்கள். அதிகம் செய்தால் அதிகம் கிடைக்கும் என்று திட்டம். ஆனால் அவர்களே ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று முடிவுகட்டி, கூடச் செய்பவனைத் தோளில் குத்தினார்கள். கூடச் செய்தால் ரேட் குறையும், ஆள் குறைப்பார்கள் என்ற பயம். அப்போது உலகப் பொருளாதாரப் பெருமந்தம் வேறு. தொழிலாளிக்குக் கம்பெனியைப் பற்றி இருந்த கணக்கு சரியாகவே இருந்தது.

பெரம்பூர்_லோகோ

வேறு ஒரு உதாரணம், நம் ஊர்தான். பெரம்பூர் ஐ.சி.எஃப்., ரயில் பெட்டித் தொழிற்சாலை, 1955-ல் தொடங்கியது. பல பத்தாண்டுகள் ஸ்விஸ் வடிவமைப்பு அடிப்படையிலான பெட்டிகளைச் செய்துகொண்டிருந்த ஆலை. சுதான்ஷு மணி பொது மேலாளராக இருந்தபோது, தனி எஞ்சின் இல்லாத ஒரு முழு ரயிலை இங்கேயே வடிவமைக்கலாம் என்று இறங்கினார்கள். 18 மாதத்தில், 2018 அக்டோபரில் வெளியே வந்தது. 2018-ல் வந்ததால்தான் ட்ரெயின் 18 என்ற பெயர். 16 பெட்டி, சோதனை ஓட்டத்தில் மணிக்கு 180 கிலோமீட்டர். 2019 பிப்ரவரி 15-ல் டெல்லியிலிருந்து வாரணாசிக்கு வந்தே பாரத் என்று ஓடத் தொடங்கியது. செய்தவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே அங்கே இருந்த அதே பொறியாளர்கள், அதே ஃபிட்டர், வெல்டர்கள்.

அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். அந்தக் குழுவில் இருந்த சில அதிகாரிகள் மீது விஜிலென்ஸ் விசாரணை வந்ததும், பிறகு அவர்கள் விடுவிக்கப்பட்டதும் பத்திரிகையில் வந்த செய்தி. அதைப் படித்த இன்னொரு ஆலையின் இளம் பொறியாளர் புது டிராயிங்கை மேசையில் விரிப்பதற்கு முன் என்ன நினைத்திருப்பார்? எனக்கு அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

சோழிங்கநல்லூர்_பில்ட்

ஐ.டி.யிலிருந்து சுருக்கமாக. சர்வர் விழுந்தால் எழுதும் அறிக்கையில் ஆள் பெயர் போடக்கூடாது என்று எங்கள் டீமில் விதி. அந்த ஒரு விதியால் எவ்வளவோ மாறியது. ஆனால் யோசனைக்கு நேரமும் வேண்டும். சனிக்கிழமை ஹாக்கத்தான் (புது யோசனைகளைச் செய்து பார்க்கும் போட்டி) வைத்துவிட்டு, திங்கட்கிழமை டெலிவரியை நகர்த்த மாட்டேன் என்றால் எதுவும் வராது. 3எம் கம்பெனியில் ஸ்பென்சர் சில்வர் சரியாக ஒட்டாத அந்தப் பசையை 1968-ல் செய்தார். ஆர்ட் ஃப்ரை 1974-ல் அதைப் பக்கக்குறிக்குப் பயன்படுத்தலாம் என்று யோசித்தார். கடைகளில் போஸ்ட்-இட் ஒட்டுத்தாள் பரவலாக வந்தது 1980. பன்னிரண்டு வருடம் அந்தப் பசையைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள்.

குறிச்சி_ஃபவுண்டரி

செவிலியர் தங்கச்சி கேட்ட கேள்வி இரண்டு நாளாக மண்டையில் ஓடுகிறது. அவன் கேட்டிருந்தால் "வேலையைப் பாருடா" என்றுதான் சொல்லியிருப்பேன். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

நேற்று அவனைக் கூப்பிட்டேன். கோர் ஏன் சீக்கிரம் காய வேண்டும் என்று கேட்டேன். மழைக் காலத்தில் மணல் ஈரமாக இருக்கிறது, கோர் உடைகிறது, உடைந்தால் தன் மேல் பழி வருகிறது என்றான். மணலை மூடி வைக்க ஷெட் இல்லாதது என் தப்பு. தார்ப்பாய் வாங்கியாச்சு. இனி எதை மாற்றுவதென்றாலும் 5 கோர் மட்டும், என்னிடம் சொல்லிவிட்டு, சாக்பீஸால் குறி போட்டுச் செய் என்று சொல்லியிருக்கிறேன். கட்டுப்பாடு வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

ஓசூர்_ஷிஃப்ட்

அண்ணா, அந்த 5 கோர் ஏற்பாடு அருமை. எங்கள் ஆலையில் எந்தப் படிவத்திலும் அதற்கு இடம் இல்லை.

கோவை_வைண்டிங்

மூன்று மாதம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

பெட்டியை எடுத்துவிட்டோம். அதற்கு முன் அந்த 6 சீட்டையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதி போட்டோம். தாழ்ப்பாள் மறுநாள், ஃபேன் அந்த வாரம், டீக்கு ஆள் மாற்ற மூன்று வாரம். அந்தச் சீட்டுகளை உருப்படியில்லாதவை என்று நினைத்தது எவ்வளவு பெரிய தப்பு என்று இப்போது தெரிகிறது. பெண்கள் கழிவறையில் தாழ்ப்பாள் இல்லாமல் இரண்டு வருடம் இருந்திருக்கிறார்கள். அதைக்கூடச் செய்யாதவனிடம் வேறு எதை வந்து சொல்வார்கள்?

பிறகு வியாழக்கிழமை தோறும் ஒவ்வொரு செக்‌ஷனிலும் 15 நிமிடம் நின்றுகொண்டே பேச்சு. யோசனை சொல்லுங்கள் என்று கேட்பதை நிறுத்தினேன். "இந்த வாரம் எது உங்க கையைக் கட்டிப்போட்டுது?" என்று மட்டும் கேட்டேன். மூன்று வாரம் ஒருவரும் பேசவில்லை. நான்காவது வாரம் வைண்டிங்கில் 11 வருடமாக இருக்கும் ஒரு அக்கா மேசை டிராயரைத் திறந்து ஒரு துண்டு எக்ஸ்ரே ஃபிலிமை எடுத்துக் காட்டினார்.

தெரியாதவர்களுக்கு: எங்கள் மோட்டார் தண்ணீருக்குள் ஓடுவது. பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியை ஸ்டேட்டர் (மோட்டாரின் சுழலாத பகுதி) ஸ்லாட்டுக்குள் கையால் இழுக்க வேண்டும். ஸ்லாட் வாயின் விளிம்பு உறையைக் கீறினால், தண்ணீரில் முக்கி மெகர் (மின்காப்பை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கும்போது ஃபெயில். முழு வைண்டிங்கையும் பிரிக்க வேண்டும். இந்த அக்கா பழைய எக்ஸ்ரே ஃபிலிமைச் சுருட்டி ஸ்லாட் வாயில் சொருகி, அதன் வழியாகக் கம்பியை இழுத்து, முடிந்ததும் உருவிவிடுவார். அவர் மேசையில் ரிஜெக்‌ஷன் எப்போதும் குறைவு. நாங்கள் எல்லாரும் அதைக் கைராசி என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

எத்தனை நாளாகச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். நாலு வருடம் என்றார். ஏன் சொல்லவில்லை என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "சொன்னேனுங்க சார். டிராயிங்ல இல்லாததை எதுக்கு உள்ள விடறன்னு நீங்கதான் சத்தம் போட்டீங்க."

எனக்கு அது ஞாபகமே இல்லை. அவருக்கு நாளும் கிழமையும் ஞாபகம் இருந்தது. எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கு இன்னும் இரண்டு பேர் தங்கள் டிராயரைத் திறந்தார்கள்.

ஃபிலிம் இப்போது பிராசஸ் ஷீட்டில் ஒரு படியாக ஏறிவிட்டது. மற்ற மேசைகளிலும் மெகர் ஃபெயில் குறைவதுபோல் தெரிகிறது, இன்னும் சில மாதக் கணக்கு பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஓவர்லாக்_அக்கா

ரொம்ப சந்தோஷம் தம்பி. அந்த அக்காவுக்கு என்ன கொடுத்தீங்க? அதைச் சொல்லவே இல்லையே.

கோவை_வைண்டிங்

முதலாளி ஒரு தொகை கொடுத்தார் அக்கா. வைண்டிங் அக்கா அதை வாங்கிக்கொண்டு, அதோடு ஒன்று கேட்டார். ஃபிலிம் சொருகி எடுக்க ஒரு ஸ்டேட்டருக்குச் சில நிமிடம் கூடுகிறது. ரிஜெக்‌ஷன் குறைந்ததால் டார்கெட்டை ஏற்றிவிடாதீர்கள், எங்கள் மேசையில் இருக்கிற எல்லாருக்கும் சேர்த்துக் கேட்கிறேன் என்றார். நீங்கள் இங்கே எழுதியதை முதலாளியிடம் அப்படியே படித்துக் காட்டினேன். அடுத்த ஏப்ரல்வரை டார்கெட் மாறாது என்று கையெழுத்துப் போட்டு போர்டில் ஒட்டியிருக்கிறார்.

நேற்று டெஸ்டிங்கில் ஒரு பையன் அதைப் படித்துவிட்டு, "ஏப்ரலுக்கு அப்புறம் சார்?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. வருகிற வியாழக்கிழமை முதலாளியே வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்.